கீழே விழாமல் இருப்பதே முதல் வேலை

அடிதடியில் காயப்பட்டு வருகிறவர்களை வருஷக்கணக்கில் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நிறைய அடி வாங்கியவரும் உயிருக்குப் போராடுகிறவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். முகம் வீங்கி, உதடு கிழிந்து, சட்டை முழுக்க ரத்தமாக, "விடுங்கடா என்னை" என்று கத்திக்கொண்டே வருகிறவர் தையல் போட்டுக்கொண்டு மறுநாள் வீட்டுக்குப் போய்விடுவார். ஒரே ஒரு அறை வாங்கி, கால் தடுமாறி, பின்மண்டை சிமெண்டுத் தரையில் மோத விழுந்தவர் பேச்சில்லாமல் வருவார். அவர் உடம்பில் வேறு ஒரு கீறல்கூட இருக்காது. அடித்தவனும் வெளியே நின்று, "ஒரு தட்டுத்தான் தட்டுனேன் சிஸ்டர்" என்று அழுதுகொண்டிருப்பான். அவன் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

தென்மாவட்டம் ஒன்றின் அரசுத் தலைமை மருத்துவமனையில், கேஷுவால்டியில், செவிலியராக நெடுங்காலம் வேலை பார்த்தேன். ஊர்க் கொடை, தேர்தல், கல்யாண வீட்டு மொய்த் தகராறு, வரப்புத் தகராறு, டாஸ்மாக் வாசல் என்று சண்டைக்கு எத்தனையோ காரணங்கள். சண்டையை நேரில் பார்த்தது குறைவு. காயத்தை வைத்துச் சண்டையைப் பின்னோக்கிப் படித்ததுதான் அதிகம். எங்கே நின்றார், எந்தக் கையால் தடுத்தார், எப்போது விழுந்தார் என்பதையெல்லாம் காயம் சொல்லிவிடும். அப்படிப் படித்ததில் எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன். ஒருவனை எப்படி அடித்து வீழ்த்துவது என்பது எனக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. மாட்டிக்கொண்டவர் கண், பல், கை, நினைவு எல்லாவற்றோடும் வீடு போய்ச் சேர வேண்டும். அதுதான் என் அக்கறை.

முதலில் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனிதன் நின்ற உயரத்திலிருந்து, கையை ஊன்றாமல், பின்னால் சாய்ந்து விழும்போது தலைக்குக் கிடைக்கும் அடி எந்தக் கைமுட்டியும் கொடுக்க முடியாதது. அறை வாங்கியதும் ஒரு கணம் நினைவு தடுமாறுகிறது, அதனால் கை தன்னிச்சையாக ஊன்றுவதில்லை. மூளை மண்டையோட்டுக்குள் ஆடிப் போய் எதிர்ப்பக்கத்தில் மோதும். அதனால்தான் பின்மண்டை அடிபட்டவருக்கு ஸ்கேனில் மூளையின் முன்பகுதி கன்றியிருப்பதைக் காண்போம். சொந்தக்காரர்களுக்கு இது விளங்காது. "அடி பின்னாலதான சிஸ்டர் பட்டுச்சு, முன்னால எப்படி?" என்று கேட்பார்கள்.

நெற்றிப்பொட்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அங்கே எலும்பு மெல்லியது. அதற்கு உட்புறமாகவே ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டு அந்தத் தமனி கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் சேரும். இதில் கொடுமை என்னவென்றால், ஆள் கொஞ்ச நேரம் மயங்கிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் குடிப்பார், பேசுவார், "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்" என்பார். வீட்டுக்குப் போய்ப் படுப்பார். சில மணி நேரத்தில் ரத்தக்கட்டு மூளையை அழுத்த ஆரம்பிக்கும்போது அவர் தூங்குவதாகத்தான் வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பார்கள். குடித்திருந்தால் இன்னும் மோசம். "போதை தெளியட்டும், எழுப்பாதீங்க" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிடுவார். விடியற்காலை குறட்டை மாதிரி ஒரு சத்தம் வருகிறது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படி வந்த ஒரு பையனின் அம்மா, "ராத்திரி ரெண்டு இட்லி சாப்பிட்டானே தாயி" என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. சரியான நேரத்தில் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போய், மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்து, பிழைத்து வந்து எங்களுக்கு வணக்கம் சொன்னவர்களும் உண்டு. இரு சாராருக்கும் காயம் ஒன்றுதான், வந்த நேரம் வேறு.

ஆகவே சண்டையில் தலையில் அடிபட்டு ஒரு நிமிஷமாவது நினைவு தப்பியவர், நடந்தது ஞாபகம் இல்லை என்பவர், குடித்திருப்பவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர், இவர்களை எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். மற்றவர்களிடம் ஒரு நாள் முழுக்கக் கவனமாக இருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, உளறல், வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்வு, ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் போல வடிவது, எழுப்பினால் எழாமல் மறுபடி சரிந்துவிடுவது. இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். தூங்கவே விடக் கூடாது என்று சொல்வார்கள். தூங்கலாம், ஆனால் அவ்வப்போது எழுப்பிப் பெயரும் ஊரும் கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். வலிக்கு ஆஸ்பிரினோ மற்ற வலிமாத்திரையோ கொடுக்க வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

சரி, விழாமல் எப்படி இருப்பது? குத்துச்சண்டை சொல்லித்தருகிற எல்லாரும் முதல் நாள் சொல்வது கால் வைப்பைத்தான். இரண்டு காலையும் சேர்த்து விறைப்பாக நிற்கிறவரை ஒரு தள்ளில் சாய்த்துவிடலாம். ஒரு காலை அரையடி முன்னால் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி நின்றால் தள்ளுவது கஷ்டம். செருப்பு வழுக்கினால் உதறிவிடுங்கள். கைலி கட்டியவர்கள் கால் சிக்கி விழுந்து வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னால் திரும்பிப் பார்க்காமல் பின்வாங்கக் கூடாது. கேஷுவால்டிக்கு வந்த பின்மண்டைக் காயங்களில் எத்தனையோ, படிக்கட்டு, சாக்கடை விளிம்பு, நிறுத்தியிருந்த பைக் இவற்றில் கால் இடறியதால் வந்தவை. பக்கவாட்டில் நகர்ந்து, சுவரோ கடை ஷட்டரோ தோளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்படி வெளியே போகும் வழியை நோக்கி நகர்வது நல்லது.

விழத்தான் போகிறோம் என்று தெரிந்துவிட்டால் மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பின்மண்டை தரையில் மோதுவது பெருமளவு குறையும். ஜூடோவில் 1882-ல் ஜிகோரோ கானோ பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து, எதிராளியைத் தூக்கி எறியக் கற்றுத்தருவதற்கு முன்னால் விழக் கற்றுத்தருகிறார்கள். மோவாய் உள்ளே, முதுகு வளைந்து, உட்காருகிறாற்போல் சரிந்து, கையின் முழு நீளமும் தரையில் படும்படி விழுவது. பிள்ளைகள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார்கள். சண்டைக்கு என்றில்லாமல், குளியலறையில் வழுக்கினாலும் பயன்படும் படிப்பு அது. நம் பள்ளிகளில் இதற்கு வாரத்தில் ஒரு பீரியடு ஒதுக்கினால் நான் மனதாரச் சந்தோஷப்படுவேன்.

விழுந்த பிறகு சுற்றி நின்று மிதிப்பார்களானால், ஒருக்களித்துச் சுருண்டு, முழங்காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, இரண்டு முழங்கையாலும் நெற்றிப்பொட்டையும் முகத்தையும் மறைக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் வயிறு திறந்துகிடக்கும். மண்ணீரலும் கல்லீரலும் விலா எலும்புக்குக் கீழேயே இருக்கின்றன. ஒருவன் மட்டும் எதிரே இருந்தால் பாதங்களை அவன் பக்கம் வைத்துக்கொண்டால் அவன் தலைக்கு வருவது கஷ்டம். இடைவெளி கிடைத்த கணம் எழுந்துவிட வேண்டும். கிடந்த இடத்தில் கிடந்தால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை, கூட்டத்திடம் பெரும்பாலும் பலிப்பதில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு நேரம் இருக்கிறது. வாய்த்தகராறு கைகலப்பாக மாறுவதற்கு முந்தைய ஒன்றிரண்டு நிமிஷம். கட்டுப் போட்டுக்கொண்டே நான் கேட்டபோது பலரும் அந்த நேரத்தை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்கள். எதிராளி வேட்டியை மடித்துக் கட்டினான். வாட்சைக் கழற்றிக் கூட வந்தவனிடம் கொடுத்தான். துண்டைக் கையில் சுற்றினான். கத்திக்கொண்டிருந்தவன் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தான். ஒரு கையைப் பேச்சுக்கு ஆட்டாமல் இடுப்புக்குப் பின்னாலேயே வைத்திருந்தான். இதெல்லாம் கண்ணில் பட்டும், "பார்த்துக்கலாம்" என்று நின்றார்கள். போய்விட்டால் ஊரில் மரியாதை போய்விடும் என்று பலர் என்னிடமே சொன்னார்கள். கூட இருக்கிற நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதுதான் நம் ஊர்ச் சண்டைகளில் பாதிக்குக் காரணம். அந்த நாலு பேரில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் ஒருவர். வார்டில் ராத்திரி தங்கிப் பார்த்துக்கொள்கிறவர் யாரும் இல்லை, அடிபட்டவருடைய மனைவிதான் இருப்பார்.

எனவே அந்த ஒன்றிரண்டு நிமிஷத்தில், தோற்றுப்போனதாக அவர்கள் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். "சரிண்ணே, என்மேலயே தப்பு இருக்கட்டும், நான் கெளம்புறேன்" என்று சொல்லி நகருங்கள். சொல்லும்போது இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கை அவர்களைப் பார்க்கும்படி, நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்கு அது சமாதானமாகத் தெரியும். உங்களுக்கோ கை ஏற்கெனவே தலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு கை நீளத் தூரம் விடுங்கள். ஆள்காட்டி விரலை நீட்டிப் பேச வேண்டாம். அவர் அம்மா, அக்கா, சாதி எதையும் வாயில் எடுக்க வேண்டாம். முகத்துக்கு நேரே செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க வேண்டாம். செல்போனைத் தட்டிவிடப் போய்த் தொடங்கிய சண்டைகள் என் காலத்தின் கடைசியில் நிறைய வர ஆரம்பித்தன. அவர்கள் வெளியேறவும் ஒரு வழி விடுங்கள். மூலையில் மாட்டியவன் பயத்திலேயே அடிப்பான்.

அடி விழ ஆரம்பித்துவிட்டால், தடுத்த கை உடைந்து வந்தவர்களை நான் எப்போதும் கெட்டிக்காரர்களாகவே நினைப்பேன். கட்டை தலையை நோக்கி வரும்போது கையைத் தூக்கியிருக்கிறார்கள், சுண்டுவிரல் பக்கத்து முன்கை எலும்பு அதை வாங்கியிருக்கிறது. மாவுக்கட்டுப் போட்டு ஒன்றரை மாதத்தில் சரியாகிவிடும். மண்டை தப்பியது. கையை உயர்த்தும்போது முன்கையின் வெளிப்புறம் எதிராளியைப் பார்க்க வேண்டும். உள்புறத்தில்தான் மணிக்கட்டு நரம்புகளும் தசைநாண்களும் ரத்தக்குழாய்களும் இருக்கின்றன. அரிவாளையோ கத்தியையோ வெறுங்கையால் பிடித்தவர்களின் உள்ளங்கையைத் தைக்கும்போது எனக்கு மனசே ஆறாது. விரலை மடக்கும் நாண் அறுந்துவிட்டால் பெரிய அறுவை சிகிச்சை செய்தும் பிடி பழையபடி வராதவர்கள் உண்டு. தறி ஓட்டுகிறவர், கொத்தனார் இவர்களுக்கெல்லாம் கைதானே எல்லாம்.

கத்தியை எதிர்த்து வெறுங்கையில் செய்ய உருப்படியான காரியம் ஒன்றுதான், ஓடுவது. ஓட முடியாவிட்டால் நடுவில் எதையாவது வைப்பது. நாற்காலி, சைக்கிள், பை, தள்ளுவண்டி எதுவானாலும் சரி. பர்ஸைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். சங்கிலியைக் கேட்டாலும் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

இனி விலக்கிவிடப் போகிறவர்களைப் பற்றி. இவர்களுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். சண்டைக்காரர்கள் இருவரும் சின்னக் காயத்தோடு வர, நல்ல மனசோடு நடுவில் புகுந்தவர் வயிற்றில் குத்தோடு வந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் போய் நிற்கிறவர் இரண்டு பக்க அடிக்கும் நடுவில் நிற்கிறார். அவர் கண் ஒரு பக்கம்தான் பார்க்கும். கோபத்தில் இருப்பவனுக்குப் பின்னாலிருந்து யாரோ பிடித்தால் அது எதிராளியா நம் ஆளா என்று தெரியாது, திரும்பி வீசிவிடுவான்.

அடுத்தது, நம் ஆளின் இரண்டு கையையும் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொள்வது. சமாதானம் செய்கிறோம் என்றுதான் பிடிக்கிறார்கள். ஆனால் கட்டிப்போட்ட மாதிரி நிற்கிற அவன் முகத்தில் எதிராளி வந்து குத்திவிட்டுப் போகிறான். தாடை உடைந்து வந்த ஒருவர், கம்பி கட்டிய வாயோடு எழுதிக் காட்டினார்: "மச்சான் பிடிச்சுக்கிட்டான்." இழுப்பதென்றால் இடுப்போடு சேர்த்துப் பின்னால் இழுத்து, உங்கள் முதுகு சண்டையின் பக்கம் வரும்படி அவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். நின்ற இடத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "டேய் செல்வம், இங்க பாரு, பிள்ளை அழுவுது" என்பது மாதிரிச் சண்டைக்கு வெளியே இருக்கிற எதையாவது ஞாபகப்படுத்தினால் சில நேரம் பிடி தளரும். கையில் ஆயுதம் இருந்தால் கிட்டே போகவே வேண்டாம். தூரத்திலிருந்து சத்தம் போடுங்கள், 112-க்குக் கூப்பிடுங்கள், கூட்டத்தைக் கலையுங்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். அதுவும் விலக்கிவிடுவதுதான்.

எங்கள் கேஷுவால்டிக்குள்ளேயே சண்டை வந்ததுண்டு. ஒரே ஊர்க் கொடையில் அடித்துக்கொண்ட இரு தரப்பையும் அடுத்தடுத்த ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்குவார்கள். கூடவே இரு பக்கத்து ஆட்களும் வருவார்கள். ஒரு ராத்திரி, தையல் போட்டுக்கொண்டிருந்த பையனைப் பார்த்ததும் எதிர்த்தரப்புக்காரர் ஒருவர் சலைன் மாட்டுகிற இரும்புக் கம்பியைத் தூக்கிவிட்டார். எங்கள் மூத்த சிஸ்டர் எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தது அன்று கைகொடுத்தது. கத்தரிக்கோல், பிளேடு இருக்கிற தட்டை முதலில் அப்புறப்படுத்து. ஸ்ட்ரெச்சரை உனக்கும் அவர்களுக்கும் நடுவில் தள்ளு. கதவுப் பக்கம் நில், மூலைக்குப் போகாதே. நான் தட்டை எடுத்து டிரஸ்ஸிங் அறைக்குள் வைத்துத் தாழ் போட்டேன். வார்டு பாய் ஸ்ட்ரெச்சரைக் குறுக்கே தள்ளினார். டாக்டர், பையனைத் தையல் ஊசி தொங்கத் தொங்க உள்ளே இழுத்துக்கொண்டார். மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கம்பி தலைக்கு மேலே இருக்கும்போது காப்பாற்றியது ஸ்ட்ரெச்சர்தான். அன்றிலிருந்து எந்த அறைக்குள் போனாலும், கல்யாண மண்டபமானாலும், வெளியே போகும் கதவு எங்கே என்று பார்த்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கழுத்தில் ஸ்டெத்தஸ்கோப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போவதையும் விட்டுவிட்டேன். கழுத்தைச் சுற்றியிருக்கும் எதுவும், துப்பட்டாவானாலும் அடையாள அட்டைக் கயிறானாலும், மற்றவருக்குப் பிடிமானம். தலைமுடியைப் பிடித்துவிட்டால், பிடித்த அந்தக் கையை உங்கள் இரண்டு கையாலும் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு அவர் பக்கமாகவே நகருங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் உச்சந்தலைத் தோலே கிழியும். மணிக்கட்டைப் பிடித்தால் அவருடைய கட்டைவிரல் இருக்கிற பக்கமாகக் கையைத் திருகி உருவுங்கள், பிடியில் பலவீனமான இடம் அதுதான்.

வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண்களுக்கு இதில் பாதி உதவாது. அவர்களால் 'கெளம்புறேன்' என்று சொல்லிக் கிளம்ப முடியாது, விலக்கிவிட ஆள் இல்லை. என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் "படியில வழுக்கிட்டேன்" என்றே சொன்னார்கள். படியில் வழுக்கினவளுக்கு மேல்கையின் உள்பக்கம் ஐந்து விரல் தடம் எப்படி வரும் என்று நான் கேட்க மாட்டேன். கூட வந்தவரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவர்களிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அடிக்கிறவர் குரல் உயர்கிறபோதே அடுப்படிக்குள் போகாதீர்கள். அங்கே அரிவாள்மணை, கத்தி, கொதிக்கிற எண்ணெய் எல்லாம் இருக்கின்றன. குளியலறையும் வேண்டாம், அதற்கு ஒரே கதவு, தரையெல்லாம் டைல்ஸ். வாசல் பக்கம் இருங்கள். பிள்ளைகளுக்கு எந்த வீட்டுக்கு ஓட வேண்டும், 112-ல் என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாங்க் புத்தகம், கொஞ்சம் பணம், மாற்று உடை இவற்றை ஒரு பையில் போட்டு அம்மா வீட்டிலோ நம்பிக்கையான தோழியிடமோ வைத்திருங்கள். 181 பெண்களுக்கான உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள். மாவட்டத்தில் 'சகி' மையம் இருக்கிறது. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், அதே வீட்டில் இருக்கும் உரிமையையும், அவர் உங்களை அண்டக் கூடாது என்ற உத்தரவையும் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

கழுத்தை நெரித்திருந்தால் அதைத் தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லுங்கள். வெளியே ஒரு தடமும் இல்லாமல் உள்ளே வீக்கம் இருக்கலாம். குரல் கம்முவது, எச்சில் விழுங்க முடியாதது, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், அந்த நேரத்தில் தன்னையறியாமல் சிறுநீர் போனது, இவையெல்லாம் எங்களுக்கு அபாய மணி. கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து ஓரிரு நாள் கழித்துப் பக்கவாதம் வரக்கூடும். கழுத்தில் கைவைத்தவன் அடுத்த முறை அதோடு நிறுத்துவான் என்று நம்பி அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாதீர்கள். இதை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சண்டை முடிந்ததும் முதலில் உடம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். அந்த வேகத்தில் வலி தெரியாது. கத்திக்குத்து வாங்கியவர்கள், "குத்து விட்டான்னுதான் நெனச்சேன் சிஸ்டர், சட்டை ஈரமா இருக்கேன்னு பார்த்தா ரத்தம்" என்பார்கள். முதுகு, அக்குள், தொடை இடுக்கு இங்கெல்லாம் கூட இருப்பவர் கைவிட்டுப் பார்க்கட்டும். நெஞ்சிலோ முதுகிலோ பொத்தான் அளவு ஓட்டை இருந்தாலும் அது அவசரம்தான். குத்திய கத்தி உடம்பிலேயே இருந்தால் உருவாதீர்கள். அது அடைத்துக்கொண்டிருக்கிற ரத்தக்குழாய் உருவியதும் திறந்துகொள்ளும். அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டிக் கொண்டுவாருங்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல், சுத்தமான ஈரத் துணியால் மூடுங்கள். குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள். ரத்தம் வரும் இடத்தில் துண்டை மடித்து வைத்து, உள்ளங்கையால் பலமாக, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். துண்டு நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. காபித்தூளும் மஞ்சளும் வேண்டாம். அதைக் கழுவி எடுப்பதற்குள் எங்களுக்கும் கஷ்டம், அவருக்கும் வேதனை.

விழுந்த பல்லைத் தூக்கி எறியாதீர்கள். பெரியவர்களின் பல்லை, வேர்ப்பகுதியைத் தொடாமல் மேல்பக்கத்தைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. முகத்தில் குத்து வாங்கிக் கன்ன எலும்பு வலித்தால் மூக்கைச் சிந்தக் கூடாது, எலும்பு விரிசல் வழியாகக் காற்று கண்ணைச் சுற்றிப் புகுந்துவிடும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால் அன்றைக்கே கண்ணைக் காட்ட வேண்டும். இடது விலாவுக்குக் கீழே உதை வாங்கியவருக்கு, அங்கே வலி குறைந்து இடது தோளில் காரணமில்லாமல் வலித்தால் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். இடுப்பில் மிதி வாங்கியவர் சிறுநீர் சிவப்பாகப் போகிறதா என்று கவனிக்கட்டும்.

அடித்தவருக்கும் ஒரு காயம் இருக்கிறது. கைமுட்டியில், விரல் எலும்பு துருத்துகிற இடத்தில், எதிராளியின் பல் பட்டு அரை அங்குலக் கீறல். வெட்கத்தில் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். மனித வாயில் உள்ள கிருமிகள் மூட்டுக்குள் போய், இரண்டு நாளில் கை பன் மாதிரி வீங்கி வருவார்கள். சீழ் எடுக்க அறுவை அறைக்குக் கொண்டுபோக வேண்டிவரும், சிலருக்கு அந்த விரல் மடங்காமலே போய்விடும். உடனே வந்தால் நன்றாகக் கழுவி, தையல் போடாமல் திறந்து விட்டு, ஆன்டிபயாடிக்கும் டி.டி. ஊசியும் போட்டு அனுப்பிவிடலாம்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் உண்மையைச் சொல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து "பைக்ல இருந்து விழுந்துட்டேன்" என்றால் மருத்துவர் தேட வேண்டிய காயத்தைத் தேடாமல் போக வாய்ப்புண்டு. பைக்கிலிருந்து விழுந்தவருக்குப் பார்ப்பதும் பூட்ஸ் காலால் வயிற்றில் மிதிபட்டவருக்குப் பார்ப்பதும் வேறு. எத்தனை பேர், தெரிந்தவர்களா, எதனால் அடித்தார்கள், எத்தனை மணிக்கு, எந்த இடம் என்று நீங்கள் சொல்வதை ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். பின்னால் வழக்கு நடந்தால் காயச் சான்றிதழ் அதை வைத்துத்தான் வரும். முதலில் ஒன்றும் பிறகு ஒன்றும் சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். 'போலீஸ் கேஸ், நாங்க தொட மாட்டோம்' என்று எந்தத் தனியார் மருத்துவமனையும் அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 1989-லேயே, பரமானந்த் கட்டாரா வழக்கில், முதலில் உயிரைக் காப்பாற்று, சட்ட நடைமுறை அப்புறம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

தற்காப்புக்காகத் திருப்பி அடித்தவர்களுக்கும் பயம் இருக்கும். தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதற்கானவை. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவைதான். ஆனால் அந்த உரிமை ஆபத்து இருக்கும் வரைக்கும்தான், தேவையான அளவுக்குத்தான். எதிராளி கீழே விழுந்துவிட்டால், அல்லது ஓட ஆரம்பித்துவிட்டால், அதற்குப் பிறகு விழுகிற ஒவ்வோர் அடிக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். விழுந்தவன் மண்டை தரையில் மோதியதா என்று பாருங்கள். கழுத்தைத் திருப்பாமல், தலையும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கும். 108-ஐக் கூப்பிட்டு, இடத்தின் அடையாளத்தைச் சொல்லுங்கள். அவன் உங்களை அடிக்க வந்தவனாகவே இருக்கட்டும், அவனுக்காகவும் வெளியே ஒரு அம்மா வந்து நிற்பாள்.